கலந்து போட்ட கூறு

செவுளைத் தூக்கிப் பார்க்காமல் நான் ஒரு மீனையும் வாங்கியது கிடையாது. கண் பளபளவென்று இருந்தாலும் நம்ப மாட்டேன். ஐஸில் போட்டு எடுத்தால் எதுதான் பளபளக்காது? ‘தனம் கூடையில் அழுகல் இருக்காது’ என்று பெரிய மார்க்கெட்டில் நாலு பேர் சொல்கிறார்கள் என்றால் அது சும்மா வந்த பேர் இல்லை. மீனிடமே இப்படி என்றால் மனிதர்களிடம் எப்படி இருப்பேன் என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்படிப்பட்டவளுக்குத்தான் இந்த அவஸ்தை வந்து சேர்ந்தது. மூத்திரம் வருகிறது என்று தெரிந்த நொடியில் எழுந்து ஓட வேண்டும். ஓடினாலும் பாதி வழியில் போய்விடும். கக்கூஸ் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் இருக்கிறது. காய்கறிக் கடைகளையும் பூக்கடைகளையும் தாண்டி, சுமை தூக்குகிறவர்களை விலக்கிக்கொண்டு போய்ச் சேருவதற்குள் புடவை நனைந்துவிடும். நல்ல வேளை, மீன்காரி புடவை எப்போதும் ஈரம்தான். மீன் தண்ணீர் மேல் பழியைப் போட்டுவிட்டு மறுபடி உட்கார்ந்துவிடுவேன். விடிகாலையிலிருந்து ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் இருந்து பார்த்தேன். அதற்கும் நிற்கவில்லை, எரிச்சல்தான் கூடச் சேர்ந்தது. ஒரு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையும் கேட்கவில்லை.

உடம்பைக்கூட விடுங்கள், என் கவலையெல்லாம் இடத்தைப் பற்றித்தான். வாசலுக்கு நேராக, உள்ளே வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடம் என்னுடையது. நான் எழுந்து போய்த் திரும்புவதற்குள் பின்வரிசை மீன்காரி கார்குழலியின் கூடை என் பலகைமேல் ஏறியிருக்கும். “ஆளு இல்லாத எடம்னு நெனச்சிட்டேங்க்கா” என்பாள். நினைப்பாள், நன்றாக நினைப்பாள்! மணிக்கு ஒரு தடவை எழுந்து ஓடுகிறவளுக்கு அந்த இடம் எத்தனை நாளைக்கு நிற்கும்? இடம் போனால் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு தெருத்தெருவாகக் கூவ வேண்டியதுதான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு அது ஆகிற காரியமா?

என் மகள் அன்புசெல்வி சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். துவைக்கப் போட்ட துணியைப் பார்த்துக் கண்டுபிடித்துவிட்டாள். ரெண்டு நாள் போனைத் தடவிக்கொண்டே இருந்துவிட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“எம்மா, கவர்மெண்டு வெப்சைட்டு ஒன்னு இருக்குது. எந்த ஊருல எந்தப் புது மருந்த சோதனை பண்றாங்கன்னு எல்லாத்தையும் அதுல பதிஞ்சி வெச்சிருக்காங்க. நம்ம ஊரு ஆஸ்பத்திரிலயே உன் வியாதிக்கு ஒன்னு நடக்குது. ஆளு சேத்துகிட்டு இருக்காங்க.”

“சோதனைன்னா? பெத்தவள எலி ஆக்கப் பாக்கறியா?”

“எலி, முயலு எல்லாம் முடிஞ்சிடுச்சும்மா. மனுசங்களுக்குக் குடுத்தும் பாத்துட்டாங்க. இது மூணாவது கட்டம்.”

“மொத கட்டத்துக்கெல்லாம் பணக்காரங்கள கூப்பிட்டுட்டு, மூணாவதுக்கு மீன்காரியக் கூப்பிடறாங்களாக்கும்? சோழியன் குடுமி சும்மா ஆடுமாடி?”

அவள் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு நாள் வாங்கிவிட்டாள். பெற்ற மகள் ஆயிற்றே, என்னைவிடப் பிடிவாதம்.

தனியாகப் போக எனக்குப் பயம். சாட்சிக்கு என் நாத்தனார் ஜெயசித்ராவைக் கூட்டிக்கொண்டு போனேன். என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நாங்கள் ரெண்டு பேரும் வைத்திக்குப்பம்தான், மார்க்கெட்டிலும் பக்கத்துப் பக்கத்துப் பலகைதான். துறைமுகத்தில் சேர்ந்துதான் ஏலம் எடுப்போம். ஒருத்தி கைக்கு எட்டாத பெரிய கூடையை ரெண்டு பேருமாக எடுத்து, கொட்டி, கலந்து, கூறு வைத்துக்கொள்வோம். கூறு வைத்தவள் கடைசியில்தான் எடுக்க வேண்டும், அதுதான் சட்டம். அப்போதுதான் வைக்கிறவள் கை நேர்மையாக இருக்கும். இத்தனை வருஷத்தில் எங்களுக்குள் ஒரு மீனுக்காகச் சண்டை வந்ததில்லை. மற்றதுக்கெல்லாம் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியில் ஹேமலதா என்று ஒரு பெண் எங்களை உட்கார வைத்தாள். இந்த மருந்து வேலையை ஒருங்கிணைக்கிறவளாம். மேசைமேல் ஒரு கேமராவைத் திருப்பி வைத்தாள்.

“என் மூஞ்சிய எதுக்கும்மா படம் புடிக்கற?”

“நாங்க உங்களுக்கு எல்லாத்தையும் சொன்னோமா, நீங்க புரிஞ்சி ஒத்துகிட்டீங்களான்னு பதிவு பண்ணணும்மா. அது சட்டம். உங்க பாதுகாப்புக்குத்தான்.”

என் பாதுகாப்புக்கு என்று சொல்கிற எவனும் இதுவரை என்னைப் பாதுகாத்ததில்லை. அவள் தமிழில் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். பாதிப் பேருக்குப் புது மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. பார்க்க ரெண்டும் ஒன்றுபோல இருக்கும். யாருக்கு எது என்று கம்ப்யூட்டர்தான் பிரித்துக் கொடுக்குமாம். அவளுக்கும் தெரியாதாம், டாக்டருக்கும் தெரியாதாம். சமைத்தவளுக்கே குழம்பில் என்ன இருக்கிறதென்று தெரியாதாம்!

“வெறும் மாத்திரை சாப்பிட்டவங்க ஏமாந்து போனதுதானா?”

“இல்லம்மா. ஆராய்ச்சி முடிஞ்சதும் அவங்களுக்கும் ஒரு வருஷம் அசல் மருந்து இலவசமா குடுப்போம். எப்ப வேணும்னாலும் நீங்க விலகிக்கலாம். ஒரே ஒரு விஷயம், மாத்திரைய வேற யாருக்கும் குடுக்கக் கூடாது. குடுத்தா வெளிய அனுப்பிடுவாங்க. இன்னும் எதுனா கேளுங்கம்மா, கேக்கறது உங்க உரிமை.”

கேள்வி கேட்டால் சந்தோஷப்படுகிற வியாபாரியை நான் பார்த்ததே இல்லை. அதிலேயே எனக்குச் சந்தேகம் வலுத்தது. முடிந்ததும் தருகிறேன் என்பதெல்லாம் மார்க்கெட்டில் யாரும் வாங்காத சரக்கு. எழுந்துவிடலாமா என்று நான் ஜெயாவைப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள்.

“எனக்கும் இருக்குதும்மா. அடக்க முடியாது. என்னையும் சேத்துக்குவீங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நீயுமாடி? ஒரு வார்த்த சொல்லல?”

“நீ சொன்னியா அண்ணி?”

பலகைக்குப் பலகை ஒட்டி உட்கார்ந்துகொண்டு, ரெண்டு பேரும் ஒரே மீன் தண்ணீர் மேல் பழி போட்டுக்கொண்டிருந்திருக்கிறோம். அவள் எழுந்து போனதையெல்லாம் டீ குடிக்க என்று நினைத்திருந்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. அந்த வேகத்தில்தான் கையெழுத்துப் போட்டேன் என்று நினைக்கிறேன். ரத்தம், சிறுநீர், ஸ்கேன் எல்லாம் பார்த்து ரெண்டு பேரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஆளுக்கொரு வெள்ளை டப்பா கொடுத்தார்கள்.

நம்பாமல்தான் விழுங்கினேன். ஆனால் நின்றது. உள்ளதைச் சொல்ல வேண்டும் இல்லையா, நின்றது! நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது, மலச்சிக்கல் வந்தது, போகட்டும். காலையில் துறைமுகத்துக்கு டெம்போவில் ஏறினால் மார்க்கெட்டில் வந்து இறங்கும்வரை அடங்கிக் கிடந்தது. முதல் தடவையாக ஒரு முழுக் காலை வியாபாரத்தை எழுந்திருக்காமல் முடித்தேன். கார்குழலி என் பலகையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து சுளுக்கியிருப்பாள். எனக்கு வயசு குறைந்ததுபோல இருந்தது.

ஜெயாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஓட்டம், அதே ஈரம். அவள் என் வாயையே பார்க்க ஆரம்பித்தாள்.

“அண்ணி, உனக்கு நாக்கு ஒட்டுது. எனக்கு ஒட்டல. அசலு உன்கிட்ட இருக்குது.”

“எனக்கு எப்பிடிடி தெரியும்?”

“அந்தப் பொண்ணு உன் மொகத்தப் பாத்து நல்லதா எடுத்துக் குடுத்திருக்கா. நீதானே அன்னிக்கு வாய்க்கு வாய் பேசுன. வாய் இருக்கறவளுக்குத்தான் ஊருல எல்லாம்.”

“முடிஞ்சதும் உனக்கும் தர்றேன்னு சொன்னாங்களேடி.”

“நீ நம்பறியா?”

நம்பவில்லை. அதுதான் வினை. நான் ஒரு வார்த்தை ‘நம்புகிறேன்’ என்று சொல்லியிருந்தால் அவள் பொறுத்திருப்பாள். எந்தப் பொய்யையும் சொல்கிற என் வாய்க்கு அந்தப் பொய் வரவில்லை.

“ஒன்னா எடுத்த ஏலம் அண்ணி இது. ஒன்னா கொட்டித்தான் கூறு வைக்கணும்” என்றாள்.

எனக்கு மனசே இல்லை. நின்றுபோன அவஸ்தையைத் திரும்பக் கூப்பிட யாருக்கு மனசு வரும்? ஆனால் அவள் சொன்னது எங்கள் சட்டம். கூடையில் எனக்கு மட்டும் வஞ்சிரம் வந்து அவளுக்கு வெறும் காரப்பொடி மீன் வந்தால் நான் எடுத்துக்கொண்டு போய்விடுவேனா? அவள் வீட்டில், அவள் புருஷன் வைத்திலிங்கம் கடலுக்குப் போயிருந்த சமயம், ரெண்டு டப்பாவையும் ஒரு சாப்பாட்டுத் தட்டில் கொட்டினோம். கை விட்டுக் கலந்தேன். நான் கூறு வைத்தேன், அவள் முதலில் எடுத்தாள். எவ்வளவு ஒழுங்கு பாருங்கள்!

அதற்குப் பிறகு என் உடம்பு ஒரு நாள் கேட்டது, ஒரு நாள் கேட்கவில்லை. கேட்காத நாளில் எல்லாம் ஜெயாவைத்தான் சந்தேகப்பட்டேன். நல்லதை எப்படியோ கண்டுபிடித்து எடுத்துக்கொண்டாளோ? மோந்து பார்த்தாளோ? அவளும் என்னை அப்படித்தான் பார்த்தாள். மாத்திரை விழுங்கும்போது ஒருத்தி தொண்டையை ஒருத்தி கவனித்தோம். வெட்கக்கேடு!

மழை விட்ட ஒரு நாள், துறைமுகத்தில் ஏலம் முடிந்து நிற்கும்போது ஜெயா மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள். “நான் இப்ப ரெண்டு ரெண்டா போடறேன் அண்ணி. ரெண்டுல ஒன்னாவது அசலா இருக்கும்ல? நாக்கு நல்லா ஒட்டுது. மார்க்கெட்டுக்குப் போனா ஓட்டமே இல்ல.” சளிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய மாத்திரையையும் கூடவே போடுகிறாளாம். அவள் முகம் ஜிவுஜிவு என்று சிவந்திருந்தது. ஜுரம் என்று நினைத்தேன்.

வியாபாரம் சூடு பிடிக்கிற நேரத்தில் அவள் எதிரே யாரும் இல்லாத இடத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்தாள். “கூடைய எறக்கு வைத்தி, எறக்கு” என்று காற்றைப் பிடித்து இழுத்தாள். கையைத் தொட்டேன், அனலாகக் கொதித்தது. ஒரு சொட்டு வியர்வை இல்லை. வயிறு கல்லாக உப்பியிருந்தது. காலையிலிருந்து அவள் ஒரு தடவைகூட எழுந்து போகவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் இடத்தை, மீனை, கத்தியை எல்லாம் அப்படியே போட்டுவிட்டு ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு அந்த ஆஸ்பத்திரிக்கே ஓடினேன்.

குழாய் விட்டுச் சிறுநீரை எடுத்தார்கள். பை நிறைந்தும் வந்துகொண்டே இருந்தது. வயிறு இறங்கியதே தவிர அவள் உளறல் நிற்கவில்லை. டாக்டர் ராமலிங்கம் ஓடி வந்தார், மருந்து ஆராய்ச்சிக்குப் பெரியவர் அவர்தான். கண்ணில் விளக்கு அடித்துப் பார்த்தார். நெஞ்சுத் துடிப்பைப் பார்த்துவிட்டு ஹேமலதாவிடம் ஏதோ சொன்னார். அவள் கம்ப்யூட்டரில் எதையோ திறக்கப் போனாள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும் யாருக்கு எந்த மாத்திரை என்று திறந்து பார்ப்பார்களாம்.

திரும்பி வந்து என் தோளைத் தொட்டாள். “பயப்படாதீங்கம்மா. நாங்க இவங்களுக்குக் குடுத்தது வெறும் மாத்திரைதான். இது எங்க மருந்தால இல்ல.”

எத்தனை வாரமாக நான் தெரிந்துகொள்ளத் துடித்த விஷயம்! அவளுக்கு வெறும் மாத்திரை. அப்படியென்றால் என்னுடையதுதான் அசல். என் டப்பாவில் இருந்ததுதான் என்னைப் பலகையில் உட்கார வைத்தது. ஒரு கணம், கடவுள் மன்னிக்கட்டும், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

டாக்டர் பக்கத்தில் இருந்த இன்னொரு டாக்டரிடம் பேசினார். இங்கிலீஷ்தான், ஆனாலும் நடுநடுவே எனக்குப் புரிந்தது. பிறகு என்னிடம் தமிழில் சொன்னார். “மருந்து காரணம் இல்லன்னா மூளைக் காய்ச்சலா இருக்கலாம்மா. முதுகுத் தண்டுல ஊசி போட்டு நீர் எடுத்துப் பாக்கணும். தலைக்கு ஸ்கேன் எடுக்கணும். வீட்டுக்காரர் எங்க? வேற ஏதாவது மருந்து சாப்பிட்டாங்களா?”

“வீட்டுக்காரரு கடல்ல இருக்காரு” என்றேன். ரெண்டாவது கேள்விக்கு வாய் வரவில்லை.

சொன்னால் நான் வெளியே. அசல் என்னிடம்தான் இருக்கிறது என்று தெரிந்த அதே நிமிஷத்தில் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சொல்லாவிட்டால் என்ன? இவ்வளவு பெரிய டாக்டர்கள், அவர்களே கண்டுபிடிக்க மாட்டார்களா? படித்தவர்கள்தானே? ஒரு ஊசியில் என்ன ஆகிவிடும்? என் இடம், என் பலகை, அந்தப் பாழாய்ப்போன கார்குழலி எல்லாம் கண் முன்னால் வந்தது. அதற்குள் ஒரு நர்ஸ் ஜெயாவை ஒருக்களித்துப் படுக்க வைக்கப் பிடித்தாள். அவள் குழந்தைபோலக் கத்தினாள். “அண்ணி! அண்ணிகிட்ட சொல்லு!” என்றாள். நான் பக்கத்தில் நிற்பதே அவளுக்குத் தெரியவில்லை.

“ஊசி போடாதீங்க!” என்று கத்திவிட்டேன். “அவ டப்பாவுல இருந்தது வெறும் மாத்திரைதான். ஆனா அவ சாப்பிட்டது அது இல்ல. என்னுதும் அவளுதும் கொட்டிக் கலந்துட்டோம் டாக்டரே. பாதி என்னுது அவகிட்ட இருக்குது. அதுலயும் ரெண்டு ரெண்டா போட்டிருக்கா. சளி மாத்திரை வேற.”

ஜெயாவின் சுருக்குப்பையைப் பிரித்து அந்தச் சளி மாத்திரை அட்டையை டாக்டர் கையில் திணித்தேன். ஹேமலதா வாயில் கையை வைத்துக்கொண்டாள். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. அட்டையைத் திருப்பிப் பார்த்தார், நர்ஸை நிறுத்தினார், வேறு மருந்து கொண்டுவரச் சொன்னார். அவர் குரலே மாறிவிட்டது. ரெண்டும் சேர்ந்து உடம்பை வறள அடித்து மூளையைக் குழப்பியிருக்கிறது என்று பிறகு சொன்னார். சாயங்காலத்துக்குள் ஜெயாவுக்கு வியர்த்தது. அந்த வியர்வையைத் துடைக்காமல் நான் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் காலையில் என் டப்பாவைக் கொண்டுவந்து ஹேமலதாவிடம் கொடுத்தேன். ரெண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் முகம் வாடியிருந்தது, நடிப்பு மாதிரி தெரியவில்லை.

“சரிம்மா, போவட்டும். அந்த மருந்து பேராவது சொல்லு. நான் காசு குடுத்து கடையில வாங்கிக்கறேன்” என்றேன்.

“இன்னும் எந்தக் கடையிலயும் வரலம்மா. அது கடைக்கு வரணும்னா, சாப்பிட்டவங்களுக்குக் கேக்குது, சாப்பிடாதவங்களுக்குக் கேக்கலன்னு எங்களுக்குச் சரியா தெரியணும். நீங்க ரெண்டு பேரும் கலந்துட்டீங்க. உங்கள வெச்சி இப்ப எதையும் உறுதியா சொல்ல முடியாது.”

“எனக்கு நின்னுது! நான்தான் சொல்றேனே, நின்னுதுன்னு!”

“நீங்க சொல்றத நான் நம்பறேம்மா” என்றாள்.

அந்தப் பெண் ஆரம்பத்திலிருந்து ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. கேமராவும் உண்மை, கம்ப்யூட்டரும் உண்மை, முடிந்ததும் தருகிறோம் என்றதும் உண்மைதான். ஜெயா இன்னும் கொஞ்ச காலம் பொறுத்திருந்தால் அவளுக்கும் நின்றிருக்கும். இதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவேன்?

அதற்கடுத்த நாள் ஜெயா தெளிந்து உட்கார்ந்திருந்தாள். அன்புசெல்வி எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருந்தாள். நான் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். கையை விடுவித்துக்கொள்ளாமல் என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அசலு உன்கிட்டதான் இருந்துச்சாமே அண்ணி.”

“ஆமான்டி. அதுல பாதிய உனக்குக் குடுத்தேன்ல.”

“அந்தப் பாதிதான் என்னைக் கொல்லப் பாத்துது.” சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “வாய மூடிகினு இருந்திருந்தா, இனிமே மொத்தமும் உனக்குத்தானே? ஏன் சொன்ன?”

“பின்ன, உன் முதுகுல ஊசி குத்தறத வேடிக்க பாக்கச் சொல்றியா?”

அவள் நம்பவில்லை. செவுளைத் தூக்கிப் பார்க்கிறவள் கண் எனக்குத் தெரியாதா? குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

“நெசமாச் சொல்லு. சொன்னதுக்கு உனக்கு வேற எதுனா தர்றேன்னாங்களா?”

“ஒன்னும் தரலடி. இருந்ததையும் வாங்கிகிட்டாங்க.”

அவள் கண் கலங்கியது. என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். அதைக் கேட்க எனக்கு நேரம் இல்லை. அவள் கையை உதறிவிட்டு, புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வராந்தாவின் கடைசியில் இருந்த கக்கூஸைப் பார்த்து ஓடினேன்.